பேஸ்மேக்கரின் காது

பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டு ஒருவர் வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே ஒரு தடைப்பட்டியல் உருவாகிவிடுகிறது. செல்போனில் பேசக் கூடாது. மிக்ஸி ஓடும்போது சமையலறைப் பக்கம் போகக் கூடாது. மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் அதைத் தூக்கிப் பரணில் போட வேண்டும். துணிக்கடை வாசலில் நிற்கும் திருட்டுத் தடுப்புச் சட்டத்தின் வழியே நுழையக் கூடாது. இடக்கையை அசைக்கவே கூடாது. மருத்துவர் சொன்னது பாதி, அக்கம்பக்கத்தார் சேர்த்தது மீதி. ஆனால் பேசக் கூடாது என்று சொல்லப்பட்ட அதே செல்போன், அவருடைய சட்டையின் இடப்பக்கப் பையில், கருவிக்கு நேர் மேலே, நாள் முழுக்கக் கிடக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை. பட்டியலில் இருப்பவற்றில் பலவும் தீங்கற்றவை. பட்டியலில் இல்லாத இந்த ஒன்றோ உண்மையிலேயே மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம். இந்தத் தலைகீழ் எப்படி வந்தது? பேஸ்மேக்கரை மின்சாரம் பாய்ச்சும் பொறியாக மட்டுமே நாம் நினைத்துக்கொண்டிருப்பதால் வந்தது. தமிழில் இதை இதயமுடுக்கி என்கிறோம். பெயரே முடுக்குவதைச் சொல்கிறது. ஆனால் இன்றைய இதயமுடுக்கி முடுக்குவதற்கு முன்னால் கேட்கிறது. அதற்கு ஒரு காது உண்டு. அந்தக் காதைப் புரிந்துகொண்டால் எதற்கு அஞ்சலாம், எதற்கு அஞ்ச வேண்டாம் என்பது தானாகவே விளங்கிவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில், கருவி இல்லாத இதயத்தைப் பார்ப்போம். உடலிலிருந்து பிரித்தெடுத்த தவளையின் இதயம் தட்டில் கிடந்தபடியே சிறிது நேரம் துடிப்பதை உயிரியல் ஆய்வுக்கூடங்களில் காட்டுவார்கள். மூளையின் உத்தரவு இல்லாமலே அது துடிக்கிறது. அப்படியானால் தாளத்தைத் தொடங்கி வைப்பது எது? 1907இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அந்த இடத்தைக் கண்டார்கள். வலது மேலறையின் சுவரில் உள்ள ஒரு சிறு திசுக்கொத்து அது. அதைத் துடிப்புக்கணு என்று அழைப்போம். அதில் பிறக்கும் மின்னலை மேலறைகளில் பரவி, நடுவில் உள்ள இன்னொரு கணுவுக்கு வருகிறது. 1906இல் ஜப்பானியரான சுனாவோ தவாரா விவரித்த இடைக்கணு அது. வாய்க்கால் மதகைப் போல இடைக்கணு அலையைச் சற்று நிறுத்தி, மேலறைகளின் இரத்தம் கீழறைகளில் நிரம்பிய பிறகே கீழே விடுகிறது. நிமிடத்துக்கு எழுபது முறை என்று வைத்தால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை இது நடக்கிறது. துடிப்புக்கணு சோர்ந்துபோனாலோ, மதகு அடைபட்டாலோ சிக்கல் தொடங்குகிறது. மதகு முழுவதும் அடைபட்டால் கீழறைகள் தம் போக்கில் நிமிடத்துக்கு முப்பது, நாற்பது என்று மந்தமாகத் துடிக்கும். படியேறினால் மூச்சு வாங்கும், நின்ற இடத்திலேயே கண் இருளும், சிலர் மயங்கி விழுவார்கள். இதயச் சதையில் குறை இருக்க வேண்டியதில்லை. தாளம் மட்டுமே தவறியிருக்கும்.

அந்தத் தாளத்தை வெளியிலிருந்து கொடுக்கும் கருவி முதன்முதலாக மனித உடலுக்குள் வைக்கப்பட்டது 1958 அக்டோபர் 8 அன்று, ஸ்டாக்ஹோமை அடுத்த கரோலின்ஸ்கா மருத்துவமனையில். நோயாளி ஆர்னே லார்சன், வயது 43. ஒரே நாளில் பலமுறை மயங்கி விழும் நிலையில் இருந்தார். அவருடைய மனைவி எல்சே மரீ விடாமல் வற்புறுத்தியதால் ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர் கருவியைச் செய்தார், ஓகே சென்னிங் என்ற அறுவை மருத்துவர் அதைப் பொருத்தினார். இரண்டே டிரான்சிஸ்டர்கள், ஒரு சிறு மின்கலம், இவற்றின் மேல் அரால்டைட் பசையை ஊற்றி, ஷூ பாலிஷ் டப்பியை அச்சாக வைத்து வார்த்தெடுத்த வில்லை அது. சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. மாற்றுக் கருவி வைத்தார்கள். வாழ்நாளில் மொத்தம் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாறின. லார்சன் 2001இல், 86ஆம் வயதில், தோல் புற்றுநோயால் இறந்தார். எல்ம்க்விஸ்டும் சென்னிங்கும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார்கள். பேஸ்மேக்கரோடு நெடுநாள் வாழ முடியுமா என்ற கேள்விக்கு அந்த முதல் நோயாளியே பதில் சொல்லிவிட்டார்.

ஆனால் அந்த முதல் தலைமுறைக் கருவிகளுக்கு வாய் உண்டு, காது இல்லை. இதயம் தானாகத் துடிக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், கடிகாரம்போல ஒரே சீராக மின்துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தன. இதயம் தானாகத் துடிக்கத் தொடங்கும் நேரங்களில் இரண்டு தாளங்கள் மோதிக்கொள்ளும். இதயச் சதை ஒரு துடிப்பை முடித்து ஓய்வுக்குத் திரும்பும் கணத்தில் வெளியிலிருந்து ஒரு மின்துடிப்பு விழுந்தால், அபூர்வமாகக் கீழறைகள் ஒழுங்கிழந்து நடுங்கத் தொடங்கும். அது உயிருக்கே ஆபத்து. இதற்குத் தீர்வாக 1960களில் பாரூக் பெர்க்கோவிட்ஸ் என்ற பொறியாளரும் வேறு சிலரும் கருவிக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். தேவைப்பட்டால் மட்டும் துடிக்கவைக்கும் கருவி அது. இன்று பொருத்தப்படும் எல்லா பேஸ்மேக்கர்களும் இந்த வழியில் வந்தவை.

இது எப்படி வேலை செய்கிறது? தூளியில் பேரனைத் தூங்க வைக்கும் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் நுனி பாட்டியின் கையில் இருக்கிறது, கண்கள் மூடியிருக்கின்றன. தூளி ஒவ்வொரு முறை ஆடும்போதும் உத்தரத்துக் கொக்கி கிரீச்சிடுகிறது. அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை பாட்டி கையை அசைப்பதில்லை. வரவேண்டிய நேரத்தில் கிரீச் வராவிட்டால் மட்டும் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுகிறார். பேஸ்மேக்கர் செய்வதும் இதுவே. நிமிடத்துக்கு அறுபது என்று அமைத்திருந்தால், ஒரு துடிப்பு கேட்டதும் ஒரு நொடி காத்திருக்கும். அதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டால் பேசாமல் கணக்கை மறுபடி தொடங்கும். வராவிட்டால் ஒரு மின்துடிப்பை அனுப்பும். கேட்பதும் சுண்டுவதும் ஒரே கயிற்றின் வழியாகத்தான்: காறையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் உள்ள பெட்டியிலிருந்து இரத்தக்குழாய் வழியே இதயத்துக்குள் போகும் மெல்லிய ஒயர் அது. மருத்துவமனைகளில் அதை லீட் என்பார்கள்.

கேட்கப்படும் சத்தம் எவ்வளவு சிறியது என்பதைக் கவனிக்க வேண்டும். லீட் நுனிக்கு வந்து சேரும் இதயத்தின் மின்குறி ஒரு வோல்ட்டில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. கருவி அனுப்பும் பதில் துடிப்பும் பெரிதல்ல. இரண்டு மூன்று வோல்ட், அதுவும் ஒரு நொடியை 2500 கூறாக்கினால் அதில் ஒரு கூறு நேரம். இதயச் சதை விழித்துக்கொள்ள எந்த அளவு போதும் என்று மருத்துவர் சோதித்து, அந்த வாசல் அளவுக்கு மேல் ஒரு பாதுகாப்பு இடைவெளி விட்டு அமைக்கிறார். இதனால்தான் சுவர்க்கடிகாரத்தில் ஓராண்டில் தீர்ந்துபோகும் மின்கலத்தைவிடப் பெரிதல்லாத ஒன்று நெஞ்சுக்குள் பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் உழைக்கிறது. 1970களில் வந்த லித்தியம் மின்கலமும் இதற்கு ஒரு காரணம். அது திடீரென்று ஒருநாள் அணைந்துவிடாது. வலு மெல்லக் குறைவதை வழக்கமான சோதனையில் மாதக்கணக்கில் முன்னதாகவே காட்டிவிடும்.

இப்போது ஆபத்தின் உண்மையான உருவம் தெரியும். வெளி மின்சாரம் கருவிக்குள் புகுந்து இதயத்தைத் தாக்கிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். நடக்கக்கூடியது வேறு. பாட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு கிணற்று ராட்டினம் கிரீச்சிட்டால் என்ன ஆகும்? தூளி ஆடுவதாக நினைத்து அவர் கையைச் சும்மா வைத்திருப்பார். அதுபோல, வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சலை இதயத் துடிப்பு என்று எண்ணிக் கருவி பேசாமல் இருந்துவிடலாம். இதைத் தப்புக்கேட்பு என்று சொல்லலாம். தானாக ஓரளவு துடிக்கும் இதயம் உள்ளவர்களுக்கு இரண்டொரு நொடி இப்படி நேர்ந்தாலும் தெரியாது. கருவியை முழுக்க நம்பியிருப்பவர்களுக்கு மட்டுமே தலைசுற்றல் வரலாம். பொறியாளர்கள் இதற்குப் பல காவல்கள் வைத்திருக்கிறார்கள். கருவி டைட்டேனியப் பெட்டிக்குள் இருக்கிறது. பாடிக்கொண்டிருக்கும் சிறு ரேடியோவை எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து மூடினால் நிலையம் மங்கிப்போவது போல, உலோகப் பெட்டி வெளியலைகளைத் தடுக்கிறது. லீட் உள்ளே நுழையும் இடத்தில் வடிகட்டிகள் உள்ளன. கேட்கும் இரண்டு முனைகளும் இதயத்துக்குள்ளேயே அடுத்தடுத்து இருப்பதால், தொலைவுச் சத்தம் இரண்டிலும் ஒன்றுபோல விழுந்து கழிந்துவிடுகிறது. இவ்வளவையும் மீறி இரைச்சல் இடைவிடாமல் வந்தால், எந்த இதயமும் இத்தனை வேகமாகத் துடிக்காது என்று கணக்கிட்டு, கேட்பதை நிறுத்திவிட்டுச் சீரான தாளத்தில் துடிக்கவைக்கத் தொடங்கும்படியும் கருவிகள் அமைக்கப்பட்டுள்ளன. ராட்டினச் சத்தத்தில் காது குழம்பிய பாட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று நிதானமாக இழுத்துக்கொண்டே இருப்பது போல.

தப்புக்கேட்பைத் தவிர்க்க நம்மிடம் உள்ள எளிய ஆயுதம் தூரம். சிறு காந்தத்தின், சிறு கம்பிச்சுருளின் புலம் தூரம் இரு மடங்கானால் எட்டில் ஒன்றாகத் தேய்ந்துவிடும். ஆகவே அரையடி விலகுவதுகூடப் பெரிய காப்பு. செல்போனுக்கு இது சோதித்தே பார்க்கப்பட்டிருக்கிறது. 1997இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் பேஸ்மேக்கர் உள்ள 980 பேரிடம் 5533 சோதனைகள் நடந்தன. போனைக் கருவிக்கு மேலேயே பிடித்தது உட்பட எல்லா நிலைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்தில் ஒரு சோதனையில் ஏதோ ஒரு குறுக்கீடு தெரிந்தது. ஆனால் வழக்கம்போலக் காதில் வைத்துப் பேசும்போது மருத்துவ முக்கியத்துவமுள்ள குறுக்கீடு ஒன்றுகூட வரவில்லை. இத்தகைய சோதனைகளின் அடிப்படையில் அமைந்ததே 15 சென்டிமீட்டர் இடைவெளி விதி. நம் கணக்கில் ஒரு சாண் தாராளமாகப் போதும். இன்றைய போன்கள் சிலவற்றின் முதுகில் சார்ஜ் ஏற்ற வலுவான காந்தம் இருப்பதால் விதி இன்னும் பொருந்துகிறது. பேசுங்கள், மறுபக்கக் காதில் வைத்துப் பேசுங்கள்; இடப்பக்கச் சட்டைப் பையில் மட்டும் வைக்காதீர்கள்.

சமையலறையையும் இதே அளவுகோலால் அளக்கலாம். மிக்ஸி, கிரைண்டர், நல்ல நிலையில் உள்ள மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றுக்குச் சாண் தூரம் போதும். அவற்றை நெஞ்சில் அணைத்துக்கொண்டு யாரும் வேலை செய்வதில்லை. மைக்ரோவேவ் பற்றிய அச்சம் உலோக உறையும் வடிகட்டியும் இல்லாத பழைய கருவிகளின் காலத்து மிச்சம். இண்டக்‌ஷன் அடுப்புக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. அது வலுவான காந்தப்புலத்தால் பாத்திரத்தைச் சூடாக்குகிறது. பாத்திரம் வட்டத்தின் நடுவில் உட்காராமல் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் புலம் வெளியே கசியும். அடுப்போடு ஒட்டி, குனிந்து நிற்பவரின் கருவிக்கு அது கேட்கக்கூடும். நெஞ்சுக்கும் அடுப்புக்கும் 60 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றரை முழம் இடைவெளி விட்டு, சரியான அளவுப் பாத்திரத்தை நடுவில் வைத்தால் சமைக்கலாம். இவை எல்லாவற்றையும்விட வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது எர்த் இணைப்பு. தொட்டால் சுர்ரென்று லேசாக அடிக்கும் வாஷிங் மெஷினின் கசிவு மின்சாரம் உடல் வழியே நேராகப் போகிறது, அதற்குத் தூரக்காப்பு கிடையாது. கடை, விமான நிலைய வாயில்களுக்கு விதி இன்னும் எளிது: நடந்து கடந்துவிடுங்கள், சாய்ந்து நிற்காதீர்கள். 2003இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் பேஸ்மேக்கரோ, இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் ஐசிடி கருவியோ உள்ள 348 பேர் விமான நிலைய உலோகங்காட்டி வழியே நடந்தார்கள். ஒருவருக்கும் குறுக்கீடு நேரவில்லை.

காந்தம் பட்டால் கருவி கெட்டுவிடும் என்பதும் தவறு. காந்தம் அருகில் வந்தால் காதை மூடிக்கொண்டு சீரான தாளத்தில் துடிக்கவைக்கும்படி பெரும்பாலான கருவிகள் வேண்டுமென்றே வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. மின்கத்தி கொண்டு அறுவை செய்யும்போது, அதன் இரைச்சலைக் கருவி தப்பாகக் கேட்டுவிடாமல் இருக்க மருத்துவர்களே நெஞ்சின் மேல் காந்தத்தை வைப்பதுண்டு. எடுத்ததும் கருவி பழைய நிலைக்குத் திரும்பும்.

இவ்வளவு பத்திரமென்றால் மருத்துவமனை ஏன் எச்சரிக்கை அட்டை தருகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சில மூலங்கள் மிக வலுவானவை, அல்லது மிக அருகில் வருபவை. ஆர்க் வெல்டிங், மூட்டுவலிக்கு உடலில் மின்னோட்டம் செலுத்தும் சிகிச்சைகள், ஆழச் சூடேற்றும் டயாதெர்மி, அறுவை மின்கத்தி ஆகியவை அந்த வகை. இவற்றுக்கு முன் கருவி இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். எம்ஆர்ஐ ஒருகாலத்தில் முற்றாக விலக்கப்பட்டிருந்தது. பெருங்காந்தம், லீட் நுனியைச் சூடாக்கும் வானொலி அலை, இரைச்சல் மூன்றும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. இன்று நிபந்தனையோடு எம்ஆர்ஐக்கு ஏற்ற கருவிகள் வந்துவிட்டன. அமெரிக்காவில் 2011இல் முதல் அனுமதி கிடைத்தது. பழைய வகை பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு, மார்பு அல்லாத பகுதிகளில், உரிய முன்னேற்பாட்டோடு செய்த ஆயிரம் ஸ்கேன்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்விலும் ஸ்கேன் நேரத்தில் ஒரு மரணமும் இல்லை, ஒரு லீட்டும் பழுதாகவில்லை. ஆகவே எச்சரிக்கை அட்டை கேட்பது முன்கூட்டித் தெரிவிக்கும் ஒழுங்கை. வாழ்க்கையை ஒடுக்கிக்கொள்ளச் சொல்லி அது கேட்கவில்லை. நடுங்கும் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் ஐசிடி வேறு கருவி. அது தப்பாகக் கேட்டால் வீணான அதிர்ச்சி தரக்கூடும் என்பதால், அதை வைத்திருப்பவர்கள் இந்தத் தூரங்களை இன்னும் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும்.

கூடுதல் எச்சரிக்கையால் என்ன கெட்டுவிடும் என்பது அடுத்த மறுப்பு. கெடும். பொருத்தியபின் நான்கு முதல் ஆறு வாரங்கள், லீட் நுனி இதயச் சதையோடு பிடித்துக்கொள்ளும்வரை, கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, கனமான குடத்தைத் தூக்கக் கூடாது. உண்மை. ஆனால் அஞ்சிக் கையை மாதக்கணக்கில் அசைக்காமலே கட்டிவைப்பவர்களுக்குத் தோள் மூட்டு இறுகிப்போகிறது. தலைவாரக்கூடக் கை எழும்பாது. அடுத்தது நடை. பல கருவிகளில் உடல் அசைவை உணரும் நுண்பொறி இருக்கிறது. நடந்தால் துடிப்பைக் கூட்டும், உட்கார்ந்தால் குறைக்கும். சிலருக்குக் குண்டும் குழியுமான சாலையில் பேருந்தில் போகும்போதுகூடத் துடிப்பு சற்று ஏறுவது இதனால்தான். நடப்பவருக்காகவே செய்யப்பட்ட கருவியைப் பொருத்திவிட்டு அவரைக் கட்டிலில் கிடத்தி வைப்பது முரண். போனைப் பறித்துக்கொண்டால், தனியாக இருக்கும் முதியவர் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவார்?

அச்சம் தவறான இடத்தில் செலவாகும்போது, கவனம் தேவைப்படும் இடம் காலியாகிவிடுகிறது என்பதே பெரிய இழப்பு. உண்மையில் கவனிக்க வேண்டியவை சில. கருவி இருக்கும் இடத்தில் சிவப்பு, வீக்கம், சூடு, சீழ், தோல் மெலிந்து பெட்டியின் விளிம்பு துருத்துதல் ஆகியவை தொற்றின் அடையாளங்கள். களிம்பு தடவிக் காத்திருக்கக் கூடாது. தொற்று லீட் வழியே இதயத்துக்குள் போனால் முழுக் கருவியையும் எடுக்க நேரிடும். தோலுக்கடியில் உள்ள பெட்டியைத் திருகிப் பார்க்கும் பழக்கமும் ஆபத்து. அப்படித் திருகித் திருகி லீட் சுருண்டு வெளியே இழுபட்டதை மருத்துவர்கள் 1968லேயே பதிவு செய்திருக்கிறார்கள். பழைய தலைசுற்றலோ மயக்கமோ திரும்பி வந்தால், விக்கல் நிற்காமல் தொடர்ந்தால் கருவியைச் சோதிக்க வேண்டும். எல்லாம் நன்றாக இருக்கும்போதும் சோதனைத் தேதி தவறக் கூடாது. மின்கலம், லீட், வாசல் அளவு, இதயம் எத்தனை சதவீதம் தானாகத் துடித்தது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். நான் இதை முழுக்க நம்பியிருக்கிறேனா என்ற கேள்வியை அங்கே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒரு மறுப்பு. பலர் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவது: இந்தக் கருவி இருந்தால் உயிர் நிம்மதியாகப் போகுமா? போகும். பேஸ்மேக்கர் இதயச் சதைக்குத் தாளம் சொல்கிறது, சதைக்கு உயிர் கொடுப்பதில்லை. உடல் முழுதும் ஓய்ந்து, உயிர்வளி இல்லாமல் போன சதை எந்தத் துடிப்புக்கும் பதில் தராது. அறுந்து விழுந்த தூளியைக் கயிற்றால் ஆட்ட முடியாது. ஆனால் எரியூட்டுவதற்கு முன் கருவியை அகற்றிவிட வேண்டும். லித்தியம் மின்கலம் நெருப்பில் வெடிக்கும். பிரிட்டனில் ஏறத்தாழ பாதித் தகனக் கூடங்களில் இத்தகைய வெடிப்புகள் நேர்ந்திருப்பதாக 2002இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. நம் மின்மயானங்களிலும் எரிவாயு தகன மேடைகளிலும் நிற்கும் ஊழியரின் பாதுகாப்பு, குடும்பத்தார் முன்கூட்டிச் சொல்லும் ஒரு வார்த்தையில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால், அந்த நீளமான தடைப்பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். செல்போனுக்கு ஒரு சாண், இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஒன்றரை முழம், வாயில்களில் நிற்காமல் நடை என்ற மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கருவியின் அடையாள அட்டையை அவருடைய பணப்பையில் வையுங்கள். அடுத்த சோதனைத் தேதியைக் காலண்டரில் இன்றே குறித்துவிட்டு, மாலையில் அவரை நடக்க அழைத்துப் போங்கள்.